ரெண்டு மாச ஃபெலோஷிப், எட்டு வருஷ பணிக்கொடை: ஏற்காட்டு கேஸ் ஒண்ணு, முழுசா

ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட், பேரு வேணாம். அங்க வேலை பார்த்த ஒரு அம்மாவோட பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேஸு இது, 2022-ல ஆரம்பிச்சு 2024 கடைசில முடிஞ்சுது. பெரிய கேஸ் ஒண்ணும் இல்ல, சட்டத்துல புதுசா எதுவும் தீர்மானம் ஆகல. ஆனாலும் முழுசா எழுதி வைக்கறேன், ஏன்னா நாங்க காசு போட்டு நடத்தற லா ஸ்டூடண்ட் ஃபெலோஷிப்போட முதல் கேஸ் இது, நாங்க எங்க சொதப்பினோம்னு அந்தம்மா கைக்கு வராமப் போன காசுலயே கணக்கா தெரியுது.

நாங்கன்னா சேலத்துல ஒண்ணா சட்டம் படிச்ச பன்னெண்டு பேர். பாதிப்பேர் அஸ்தம்பட்டி கோர்ட்லயே சுத்திட்டு இருக்கோம், ரெண்டு பேர் பேங்க் வேலைக்குப் போயிட்டாங்க, மிச்சம் ஆளுக்கு ஒரு ஊரு. 2022 சித்திரை பொறக்கற சமயம் வாட்ஸப் குரூப்ல ஒருத்தன் எழுதினான், அமெரிக்காவுல லா ஸ்கூல் பசங்களே ஏலம் நடத்தி அந்தக் காசுல, லீவுல ஏழைங்களுக்கு வேலை பார்க்கப் போற பசங்களுக்கு சம்பளம் கொடுக்கறாங்களாம், படிச்சு முடிச்சவங்களுக்கு ஸ்கேடன், ஈக்வல் ஜஸ்டிஸ் ஒர்க்ஸ்னு ரெண்டு வருஷ ஃபெலோஷிப்பே இருக்காம், நாம ஏன் பண்ணக்கூடாதுன்னு. நம்மகிட்ட ஏலம் விட என்ன இருக்கு, கரையான் அரிச்ச ஏஐஆர் வால்யூம், அந்தப் பழைய தீர்ப்புப் புக்குங்க தான்னு இன்னொருத்தன். கடைசில ஏலம் எல்லாம் இல்லாம 40,000 ரூபா சேர்ந்துச்சு. ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், மே ஜூன் ரெண்டு மாசம், மாசம் ஆளுக்கு பத்தாயிரம். மேற்பார்வை நான்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடணும். ஏழைக்கு இலவச சட்ட உதவிங்கறது நம்ம ஊர்ல ஏட்டுல நல்லாவே இருக்கு. 1976-ல 42-வது திருத்தத்துல அரசியலமைப்புல 39ஏ வந்துச்சு, 1987-ல சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அந்தச் சட்டத்தோட 12-வது பிரிவுல பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமான வரம்பே கிடையாது, கேட்டா கொடுத்தாகணும். 15100-க்கு போன் போட்டாலும் எடுப்பாங்க. அப்போ நம்ம காசு எதுக்குன்னு பேங்க்ல இருக்கறவன் கேட்டான். நியாயமான கேள்வி, எனக்கே அப்போ சரியா பதில் தெரியல. இப்போ தெரியுது. வக்கீல் ஃபீஸ் இல்லாம கிடைச்சிடுவார். ஆனா மலையில இருந்து கீழ இறங்கற பஸ்ஸு, அன்னைக்குப் போற கூலி, ஜெராக்ஸ், ஆதார்ல ஒரு பேரு பிஎஃப்ல ஒரு பேருன்னு இருக்கறதை திருத்த நாலு தடவை அலையறது, எந்தப் பேப்பர் எந்த ஆபீஸ்ல கிடைக்கும்னு தேடறது, இதுக்கெல்லாம் எந்த பேனல் வக்கீலும் (சட்ட உதவிக்குன்னு லிஸ்ட்ல இருக்கறவர்) வரமாட்டார், வரவும் முடியாது. அந்த வேலைக்கு ஆளு வேணும், அந்த ஆளுக்கு சோறு வேணும்.

ஆளுக்கு சேலத்துல பஞ்சம் இல்ல. பழைய தனியார் லா காலேஜ் ஒண்ணு பல வருஷமா இருக்கு, 2019-ல அரசு சட்டக் கல்லூரியும் வந்துடுச்சு. அங்க படிக்கற நிறைய பேர் வீட்ல முதல் பட்டதாரி. லீவுல நகைக்கடையில நிக்கற பசங்க, கேட்டரிங்ல பரிமாறப் போற பசங்க. அவங்களை மலைக்குப் போய் சேவை பண்ணுன்னு சும்மா சொல்றது அநியாயம்.

ஆத்தூர் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, ஓமலூர் பையன் ஒருத்தன், ரெண்டு பேரும் அஞ்சு வருஷ கோர்ஸ்ல மூணாவது வருஷம் முடிச்சவங்க. முதல் வாரம் நாகலூர், மஞ்சக்குட்டைன்னு ஊர் ஊரா போய் உக்காந்தாங்க. பேனர் கட்டி கேம்ப் போடக்கூடாதுன்னு மட்டும் சொல்லியிருந்தேன், பேனர் கட்டினா அன்னைக்கு போட்டோ வரும், கேஸ் வராது. அந்தப் பையன் முதல் நாள் போன் பண்ணி, சார் இங்க எல்லாரும் மலையாளிங்கறாங்க ஆனா தமிழ்தான் பேசறாங்கங்கறான். சேர்வராயன் மலையில மலையாளின்னா பழங்குடி, கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லடா, ஏற்காடு தொகுதியே பழங்குடிக்கான தனித்தொகுதிதான்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. கீழ இருந்து பார்த்தா ராத்திரி லைட்டு தெரியற தூரம், சேலத்துப் பசங்களுக்கு லேடீஸ் சீட்டும் ஏரியும்தான் தெரியும்.

அந்தம்மாவை பொண்ணுதான் பார்த்தா. 2000-ல எஸ்டேட்ல சேர்ந்து 2021 ஏப்ரல்ல, வயசாயிடுச்சும்மா நின்னுக்கன்னு சொன்னதும் நின்னவங்க. 21 வருஷம். கடைசியா வாங்கின தினக்கூலி 390. கணக்கு ரொம்ப சிம்பிள், 1972-ம் வருஷ பணிக்கொடைச் சட்டப்படி முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி, 390-ஐ 15-ஆல பெருக்கி 21-ஆல பெருக்கினா 1,22,850. (2025 நவம்பர் 21-லேர்ந்து சமூகப் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு வந்துடுச்சு, இந்தக் கேஸ் முழுக்க பழைய சட்டத்துல நடந்தது.) பழைய சட்டத்துல தொழிலாளி கேட்டாலும் கேக்காட்டியும் முதலாளி தானா கணக்குப் போட்டு 30 நாள்ல கொடுக்கணும். ஒரு வருஷமா எதுவும் வரல. அந்தம்மா சும்மாவும் இருக்கல, கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல ஒரு தடவை மனு கொடுத்து ரசீதை மடிச்சு மஞ்சள் டப்பாவுல வச்சிருந்தாங்க. அந்த ரசீது பின்னாடி எங்களுக்கு ரொம்ப உதவுச்சு, லேட்டா கேக்கறீங்கன்னு யாரும் வாய் திறக்க முடியல.

ஜூன்ல எஸ்டேட்டுக்கு படிவம் 'ஐ' (I), பணிக்கொடை கேட்டுக் கொடுக்கற மனு, பதிவுத்தபால்ல போச்சு. பதில் வந்துச்சு, அதான் கேஸே. "இவர் சீசன் ஆள், காப்பி பறிப்புக்கு மட்டும் வந்தவர்." சீசன் நிறுவனத்துல சீசனுக்கு மட்டும் வந்தவங்களுக்கு 15 நாள் இல்ல, ஒரு சீசனுக்கு 7 நாள் கூலிதான். அதோட வருஷத்துக்கு 240 நாள் வேலை பார்த்தாத்தான் தொடர் பணின்னு கணக்கு, சீசன் ஆளுன்னு முத்திரை குத்திட்டா அதுவும் அடிபடும்.

இங்கதான் அந்தப் பொண்ணு பண்ணின வேலை எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். நான் சட்டப் புக்கைப் புரட்டிட்டு இருந்தேன், அவ லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருப்பு) வாசல்ல நாலஞ்சு அம்மாங்களோட உக்காந்து ஒரு வருஷத்தை எழுதிட்டு வந்தா. நவம்பர்ல இருந்து பிப்ரவரி காப்பிப் பழம் பறிப்பு, அப்புறம் மிளகு, கோடை மழை விழுந்து பூ வந்ததும் உரம், மழைக்காலம் முழுக்க களை எடுப்பு, நிழல் மரக் கிளை வெட்டு, காப்பிச் செடிக் கவாத்து, திரும்ப பழம். எந்த மாசம் என்ன வேலை, யார் யார் கூட, எஸ்டேட்ல கணக்கு எழுதற எந்த ரைட்டர் பேர் போட்டார், எல்லாம். பழம் பறிக்க மட்டும்தான் வந்தாங்கன்னா ஜூலை மாசம் ஏன் பிஎஃப் பிடிச்சிருக்கீங்க? பிஎஃப் பாஸ்புக் எடுத்தா, அதுக்கே ஆதார்ல இருக்கற பேருக்கும் பிஎஃப்ல இருக்கற பேருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம்னு மூணு நடை, 2008-லேர்ந்து மாசம் தவறாம பணம் ஏறியிருக்கு. சீசன் ஆள் கதை அங்கயே செத்துது.

ஆனா 2008-லேர்ந்துதான். 2000-லேர்ந்து 2008 வரைக்கும் எட்டு வருஷத்துக்கு பேப்பர் இல்ல. அதுக்கு ஒரு ஆள் இருந்தார், பழைய மேஸ்திரி, எழுபது தாண்டினவர். "நாந்தான் கண்ணு இவளைக் கூட்டிட்டு வந்து செக்ரோல்ல (வருகைப் பதிவேடு) பேரு எழுத வச்சேன், எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்"னு சொன்னார். பொண்ணு அதை நோட்ல எழுதிட்டு வந்தா. நான் படிச்சேன். நல்லதும்மா, விசாரணை வரட்டும் பார்த்துக்கலாம்னேன்.

ஜூன் முடிஞ்சுது. காசும் முடிஞ்சுது. காலேஜ் திறந்துச்சு. பையன் வாரக்கடைசில கேட்டரிங் வேலைக்குத் திரும்பப் போயிட்டான், அவனை என்ன குறை சொல்ல. பொண்ணுக்கு நாலாவது வருஷம், இண்டர்னல், மூட் கோர்ட். எஸ்டேட் பதில் வந்து 90 நாள் முடியறதுக்குள்ள கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட (பணிக்கொடை கேஸை விசாரிக்கறவர்) படிவம் 'என்' (N) தாக்கல் பண்ணணும், செப்டம்பர்ல பண்ணினோம், அந்தம்மா பேர்லயே, அவங்களே நேரடியா ஆஜராகற மாதிரி. ஸ்டூடண்ட் கையெழுத்துப் போட முடியாது, 1961 அட்வகேட்ஸ் ஆக்ட் படி என்ரோல் ஆனவங்கதான் வக்கீலா ஆஜராக முடியும். நான் வக்காலத்து போட்டிருக்கணும். சின்ன மேட்டர்தானே, முதல் வாய்தாவுக்குப் போட்டுக்கலாம்னு விட்டேன். என் தப்பு, இதுல யாரையும் இழுக்க வழியில்ல.

வாய்தா நோட்டீஸ் நவம்பர்ல லைன் வீட்டுக்குப் போச்சு. அந்தம்மா அதுக்குள்ள லைன் வீட்டைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாங்க. தபால்காரர் தெரிஞ்சவர், பக்கத்து வீட்ல கொடுத்துட்டுப் போயிருக்கார். பக்கத்து வீட்டம்மா அதை சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்துச்சு. ரெண்டு வாய்தா யாரும் போகல. 2022 டிசம்பர் 20, மனுதாரர் வரலைன்னு தள்ளுபடி.

எங்க யாருக்கும் தெரியாது. குரூப்ல நாங்க அந்த சமயம், முதல் வருஷம் சக்ஸஸ், அடுத்த வருஷம் நாலு பேர் எடுக்கலாம்னு பேசிட்டு இருக்கோம்.

காணும் பொங்கல் அன்னைக்கு, 2023 ஜனவரி 17, அந்தப் பொண்ணு ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடு சுத்திப்பார்க்கப் போனவ, அப்படியே அந்தம்மாவைப் பார்த்துட்டு வரலாம்னு லைன் வீட்டுக்குப் போயிருக்கா. அங்க சாமி படத்துக்குப் பின்னாடி மூணு கவர். மூணாவது கவர்ல ஆர்டர். தள்ளுபடி ஆன 30 நாளுக்குள்ள தகுந்த காரணம் காட்டினா திரும்ப விசாரணைக்கு எடுக்கலாம்னு விதியில இருக்கு. அன்னைக்கு 28-வது நாள், லீவு வேற. மறுநாள் காலைல முதல் பஸ்ல அந்தம்மாவைக் கூட்டிட்டு இறங்கினா, மதியத்துக்குள்ள மனு, அஃபிடவிட்டு, என் வக்காலத்து, எல்லாம் உள்ள போச்சு. 29-வது நாள். அவளுக்கு அப்போ நாங்க ஒரு பைசா கொடுக்கல, ஃபெலோஷிப் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. பஸ் காசு அவ கைக்காசு. இதைக் கேட்டதும் குரூப்ல எல்லாரும் ஹார்ட்டின் போட்டாங்க, எனக்கு வெக்கமா இருந்துச்சு.

மனு ஏத்துக்கிட்டாங்க. அடுத்த வாய்தா வர்றதுக்குள்ள மாசி மாசத்துல மேஸ்திரி தவறிட்டார்.

அவர் சொன்னதை ஜூன் மாசமே ஒரு அஃபிடவிட்டா வாங்கியிருக்கணும். குறுக்கு விசாரணை இல்லாத அஃபிடவிட்டுக்கு எடை கம்மிதான், பூஜ்யம் இல்ல. இல்லாட்டி நவம்பர்லயே ஆஜராகி, வயசான சாட்சி, இவரை முதல்ல விசாரிங்கன்னு கேட்டிருக்கணும். கேக்க ஆளில்ல, ஏன்னா எங்க ஃபெலோஷிப் ஜூன் 30-ல முடிஞ்சுடுச்சு. மூணாம் வருஷ ஸ்டூடண்டுக்கு அஃபிடவிட் வாங்கத் தோணல, பதினஞ்சு வருஷ வக்கீலுக்கு சொல்லத் தோணல.

அதுக்கப்புறம்தான் காசை எப்படிக் கொடுக்கறதுன்னு உருப்படியா யோசிச்சோம். பார் கவுன்சிலோட 2008 சட்டக்கல்வி விதிகள்ல, அஞ்சு வருஷ கோர்ஸ்னா மொத்தம் 20 வாரம் இண்டர்ன்ஷிப், ஆனா ஒரு வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாது. எல்லாருடைய திட்டமும் இந்த நாலு வாரத்தை வச்சுதான் ஓடுது. நம்ம சட்டக் கல்லூரிகள்ல சட்ட உதவி மையமும் இருக்கு, ஆனா ஸ்டூடண்ட் வருஷா வருஷம் மாறுவாங்க. கேஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ரெண்டரை வருஷம் ஓடினா ஓடும். அதனால 2023 ஏப்ரல்லேர்ந்து மாத்தினோம். மொத்தமா போடறது இல்ல, பன்னெண்டு பேரும் மாசம் ஆயிரம், 12,000. ஒரு சீனியர் ஸ்டூடண்ட், ஒரு ஜூனியர் ஸ்டூடண்ட், ஆளுக்கு மாசம் 4,000, பன்னெண்டு மாசமும். 2,500 பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் தபாலுக்கும். மிச்சம் 1,500 சேமிப்பு. லீவுல நாலு வாரம் மலையிலயே இருக்கறது, அதுக்கு இண்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட், மத்த நாள்ல மாசம் ரெண்டு சனிக்கிழமை போனாப் போதும். சீனியர் முடிச்சுப் போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஜூனியரைக் கூட்டிட்டு சுத்தணும். எல்லாம் ஒரே லாங் சைஸ் நோட்டுல. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கம், அதுல முதல் வரி அடுத்த வாய்தா, ரெண்டாவது வரி பக்கத்து வீட்டு போன் நம்பர்.

மாசம் நாலாயிரம் கம்மின்னு சொல்றவங்க இருக்காங்க, கம்மிதான். 2020-ல தமிழ்நாடு அரசு ஏழை இளம் வக்கீல்களுக்குக் கொண்டுவந்த உதவித்தொகையே மாசம் 3,000, ரெண்டு வருஷத்துக்கு. 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட், சென்னை மதுரை கோயம்புத்தூர்ல ஜூனியருக்கு 20,000, மத்த ஊர்ல 15,000 கொடுக்கணும்னு சொல்லுச்சு, எங்க பார்ல அதைப் படிச்சிட்டு சிரிச்ச சீனியர்களை எனக்குத் தெரியும். அதெல்லாம் என்ரோல் ஆனதுக்கு அப்புறம்.

காசு சேக்கறதை விட அதைச் சுத்தி வர்ற சண்டைதான் பெருசு. ஒருத்தன் சொன்னான், ஜெயிக்கற கேஸ்ல பத்து பர்சண்ட் ஃபண்டுக்கு வாங்கிக்கலாம், ஃபண்டு தானா சுத்தும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கேஸ் முடிவைப் பொறுத்து ஃபீஸ் வாங்கறதும் அதுல பங்கு வாங்கறதும் வக்கீல் நடத்தை விதியிலேயே கூடாது, பேரை மாத்தி ஃபண்டுன்னு வச்சாலும் அதேதான். அதைவிட, பங்கு வாங்க ஆரம்பிச்சா ஸ்டூடண்ட் பெரிய தொகை இருக்கற கேஸாத் தேடுவான், சாதிச் சான்றிதழ் இல்லாத குழந்தையைத் திரும்பிப் பார்க்கமாட்டான். இன்னொண்ணு இன்னும் சிக்கல். பன்னெண்டு பேர்ல ஒருத்தன் எஸ்டேட் மேனேஜ்மெண்ட் பக்கம் ஆஜராகறவன். அவனே நேர்மையா சொன்னான், டேய் நீங்க நாளைக்கு என் கிளையண்ட் மேலயே போடுவீங்கன்னு. அவன் காசு வேணாமா? வேணும்னுதான் முடிவு பண்ணினோம், ஆனா ஃபண்டை பேங்க்ல இருக்கற ரெண்டு பேர் பார்த்துக்கறாங்க, குரூப்ல செலவுக் கணக்கு மட்டும் வரும், யார் கேஸு என்ன கேஸுன்னு ஒரு வார்த்தை வராது. எந்த கேஸ் எடுக்கணும்னு காசு போடறவங்க யாரும் சொல்லக்கூடாது, நான் உட்பட.

கேஸுக்கு வரேன். 2023 முழுக்க வாய்தா. கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஆவணத்தைக் கொண்டுவான்னு உத்தரவு போட சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) கேட்டோம். எஸ்டேட் தரப்புல நவம்பர் டு பிப்ரவரி பக்கங்கள் மட்டும் வந்துச்சு. மிச்சம் மழையில நனைஞ்சு போச்சாம். பழம் பறிக்கற மாசம் மட்டும் நனையாத மழை. புது ஜூனியர் பையன், முதல் வருஷம்தான் படிக்கறான், அந்தப் பொண்ணு எழுதின வேலை நாட்காட்டியையும் பிஎஃப் மாசங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு டேபிள் போட்டுக் கொடுத்தான், அதை அப்படியே வாதத்துல சேர்த்தேன்.

2024 மார்ச்ல உத்தரவு. 2008-லேர்ந்து 2021 வரைக்கும் 13 வருஷம் முழுசா ஏத்துக்கிட்டாங்க, சீசன் ஆள் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு. 76,050 ரூபா, அதோட வருஷத்துக்கு 10 பர்சண்ட் தனிவட்டி. முதல் எட்டு வருஷத்துக்கு ஆதாரம் போதலைன்னு நிராகரிப்பு. எட்டு வருஷம், வருஷத்துக்கு 5,850, மொத்தம் 46,800. நாங்க முதல் வருஷம் ஃபெலோஷிப்புக்குப் போட்ட மொத்தக் காசு 40,000.

எஸ்டேட் அப்பீல் போனாங்க. இந்தச் சட்டத்துல ஒரு நல்ல ஏற்பாடு, முதலாளி அப்பீல் போகணும்னா பணத்தை முதல்ல கட்டிட்டுத்தான் போகணும். கட்டினாங்க. பணம் உள்ள மாட்டிக்கிட்டதும் அப்பீல் நடத்தற ஆர்வம் குறைஞ்சுடுச்சு, வருஷக் கடைசில வாபஸ். வட்டியோட ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த எட்டு வருஷத்துக்கு நாங்களும் அப்பீல் போகலாமான்னு அந்தம்மாகிட்ட கேட்டேன். "வேணாங்க சார், அவரே போயிட்டாரு, யாரு வந்து சொல்லுவா"ன்னாங்க.

பணம் வந்தும் முடியல, பேங்க் அக்கவுண்ட் ரொம்ப நாள் ஓடாம முடங்கிக் கிடந்துச்சு, கேஒய்சி பண்ணணும், கைரேகை மெஷின்ல விழல, இருபத்தோரு வருஷம் களை பிடுங்கின விரல். ரெண்டு தடவை போய் மூணாவது தடவை விழுந்துச்சு. நோட்டுல அந்தம்மா பக்கத்துல கடைசி வரி ஜூனியர் பையன் கையெழுத்துல இருக்கு: பேங்க், பஸ் ரெண்டு பேர் போக வர, ஜெராக்ஸ் ஆறு ரூபா, டீ அந்தம்மா வாங்கிக் கொடுத்தாங்க.

அந்தப் பொண்ணு இப்போ என்ரோல் பண்ணிட்டு என் ஆபீஸ்லயேதான் இருக்கா. நோட்டுல இப்போ ஓடறது பாதிக்கு மேல சாதிச் சான்றிதழ், தாத்தாகிட்ட தாசில்தார் கொடுத்த பழைய அட்டை இருக்கும், 1989 நவம்பருக்கு அப்புறம் எஸ்டிக்கு ஆர்டிஓதான் (வருவாய் கோட்டாட்சியர்) கொடுக்கணும், பேரனுக்கு அங்க இழுக்குது. அதை வேற நாள் எழுதறேன். மாசம் ஆயிரம் போடறேன்னு சொன்னதுல ரெண்டு பேர் தைக்கு அப்புறம் போடல, யாருன்னு சொல்லமாட்டேன், ஆனா படிப்பாங்கன்னு தெரியும்.